‘ஆச்சுங்க’ என்றால் இன்னும் ஆகவில்லை

திருப்பூர் பனியன் கம்பெனியில் நாலு நாள் வேலை பார்த்தவருக்கும் மூன்று சொற்கள் பழகிவிடும். ‘ஆச்சுங்க’, ‘ஆயிருங்க’, ‘பாத்துக்கலாங்க’. ஆச்சுங்க என்றால் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. ஆயிருங்க என்றால் இப்போதுதான் கை வைத்திருக்கிறார்கள். பாத்துக்கலாங்க என்றால் கையே வைக்கவில்லை, வைக்கப் போவதாகவும் தெரியவில்லை.

நான் 2006-இல் லைன் சூப்பர்வைசராக உள்ளே வந்தவன். ஃப்ளோர் இன்சார்ஜ் ஆகி, இரண்டு கம்பெனி மாறி, இப்போது ஒரு யூனிட்டுக்குப் புரொடக்‌ஷன் மேனேஜர். போன மாதம் தங்கை மகன் போன் பண்ணினான். கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது பேருக்கு அவனை டீம் லீடாகப் போட்டுவிட்டார்களாம். “மாமா, ஆளுங்கள எப்படி மேய்க்கறதுன்னு நாலு டிப்ஸ் சொல்லுங்க” என்றான். முதலில் அந்த ‘மேய்க்கறது’ என்ற வார்த்தையை விடு என்றேன். அப்புறம் வாய்க்கு வந்ததை ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று உறைத்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் மானக்கேடு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன், அவன் படித்துக்கொள்ளட்டும்.

நடந்தது 2009-இல். திருப்பூர் தனி மாவட்டம் ஆன வருஷம். சின்னப் பிள்ளைகளின் டி-சர்ட், ஆலிவ் பச்சை, 2,400 பீஸ். தூத்துக்குடிக்குப் போகும் கன்டெய்னருக்கு நாள் குறித்தாகிவிட்டது. துணி மூன்று நாள் தாமதமாக வந்ததால் அந்த மூன்று நாளையும் தையலில் பிடித்தாக வேண்டும் என்று என் தலையில் ஏற்றியிருந்தார்கள். காலை பதினொரு மணி இருக்கும். செக்கிங் டேபிளில் இருந்த ஒரு அக்கா ஒரு பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், எனக்கு முன்பே பத்து வருஷமாக அங்கே இருப்பவர்.

“ஏனுங் தம்பி, இந்தக் கழுத்து ரிப்பு ஒடம்போட சேரலீங்களே. கொஞ்சம் பாருங்.”

ரிப் என்றால் கழுத்தைச் சுற்றித் தைக்கிற பட்டைத் துணி. பீஸை வாங்கி, தலைக்கு மேல் இருந்த டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உடம்பும் கழுத்தும் ஒரே பச்சையாகத்தான் தெரிந்தன. “நல்லாத்தானே இருக்குது? போய் உங்க வேலையப் பாருங்கக்கா, மணி என்னாச்சு?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து டேபிளில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா பீஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் வந்து சொன்ன நேரத்தில் தைத்திருந்தது இருநூறு பீஸ்கூட இருக்காது. மறுநாள் ராத்திரிக்குள் 2,400-ம் முடிந்து, அயர்ன் ஆகி, அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. அதற்கடுத்த நாள் பையர் தரப்பு இன்ஸ்பெக்டர் வந்தார். எத்தனை குறை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதற்கு ஏ.க்யூ.எல். என்று ஒரு அளவு உண்டு. அது 2.5 என்றால் 2,400 பீஸுக்கு 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏழு வரைக்கும் குறை இருந்தால் பாஸ், எட்டானால் ஃபெயில். அவர் டேபிளை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போடச் சொன்னார். வெயில் வெளிச்சத்தில் முதல் பீஸை விரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பு பச்சை, கழுத்தில் பழுப்பு அடித்தது. முப்பதோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு துணி ஒரு விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்து இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரிவது சாயத் தொழிலில் பழைய சங்கதி. சாயக் கலவை மாறினால் அப்படி ஆகும். ஆலிவ், சாம்பல், நேவி மாதிரி நிறங்களில் அதிகம். அதற்காகத்தான் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84 விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் ரிப் வேறு லாட்டில் சாயம் போட்டு வந்திருந்தது. அக்காவுக்கு டி65 எல்லாம் தெரியாது. டீ குடிக்கப் போகும்போது ஒரு பீஸைக் கையோடு எடுத்துப் போய் வாசல் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

கழுத்துகளை எல்லாம் பிரித்து, புது ரிப் சாயம் போட்டு வந்து, மறுபடி தைத்து, விமானத்தில் அனுப்பினோம். பிரித்துத் தைத்தால் கழுத்து அகலம் கூடிவிடும், அதில் ஒரு பங்கு அளவில் அடிபட்டுப் போனது. இதெல்லாம் பண நஷ்டம். என் மானக்கேடு என்று சொன்னது இது இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி லைனுக்கே வந்துவிட்டார். “இத்தனை பேர் இருக்கறீங்க, ஒருத்தர் கண்ணுலகூடவா படலை?” என்று கேட்டார். நான் சொன்னேன்: “யாரும் பாக்கலீங்க.”

அக்கா பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கையில் டிரிம்மர் கத்தரிக்கோல். தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் குனிந்து நூல் வெட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் நாலு மாதம், ஒரு ஊசி ஓட்டை, ஒரு எண்ணெய்க் கறை, எதையும் அவர் என்னிடம் கொண்டுவரவில்லை. குறை இருந்த பீஸைப் பேசாமல் ஆல்டர் கூடையில், அதாவது திருத்தத்துக்குப் போகும் கூடையில், போட்டார். ‘எல்லாம் சரியாக்கா?’ என்று கேட்டால் ‘ஆச்சுங்க’ என்றார்.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் டீ நேரத்தில் போய் நின்று, “அன்னைக்கு நீங்க சொன்னீங்கன்னு முதலாளிகிட்ட நான் சொல்லியிருக்கோணும்” என்றேன். “விடுங் தம்பி, நீங்க மட்டுமா, வர்றவங்க எல்லாருமே அப்படித்தானுங்” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அதே வாரம் முதலாளியிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. செக்கிங் டேபிளை மட்டும் ஜன்னல் பக்கம் மாற்றிப் போடச் சொன்னார். எவ்வளவு செலவு? நாலு ஆள் தூக்கி வைத்தார்கள், கால் மணி நேரம்.

என்னுடைய எல்லாப் பழக்கங்களும் அந்த நாலு மாத மௌனத்திலிருந்து வந்தவைதான். பத்துப் பேரோ, பத்தாயிரம் பேரோ, அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்: கெட்ட செய்தி கீழேயிருந்து அவனிடம் வந்து சேர எத்தனை நேரம் ஆகிறது? பத்து நிமிஷத்தில் வந்தால் அவன் பிழைத்தான். இரண்டு நாளில் வந்தால் அவனை இன்ஸ்பெக்டர்தான் வந்து எழுப்புவார்.

முதலில் மாற்றியது கேள்வியை. ‘ஆச்சா?’ என்று கேட்டால் ‘ஆச்சுங்க’ என்றுதான் வரும். நம் ஊர் மரியாதை அப்படி, கேள்வியிலேயே பதிலை ஊட்டிவிட்டு அப்புறம் பொய் சொல்கிறார்கள் என்று கோபப்பட்டால் எப்படி? ‘ஏதாவது பிரச்சினையா?’ என்றாலும் ஒன்றுமில்லைங்க. இப்போது நான் கேட்பது, “இன்னைக்கு எந்த வேலை கையைக் கடிக்குது?” ஏதோ ஒன்று கடிக்கிறது என்பதை நானே ஒப்புக்கொண்டுதான் கேட்கிறேன். அதனால் அவர்களுக்குச் சொல்ல லேசாக இருக்கிறது. இரண்டாவது கேள்வி, “எத்தனை பீஸ் கையில இருக்குது?” ஆச்சா ஆகலையா என்று கேட்காமல் எண்ணிக்கை கேட்டால் நேரான பதில் வருகிறது. மருமகனே, உன் ஆபீஸிலும் ‘ஆல்மோஸ்ட் டன்’ என்று ஒன்று சொல்வார்களாமே, அது எங்கள் ‘ஆயிருங்க’வுக்குச் சொந்தத் தம்பி.

இதைக் காலை எட்டே காலுக்குக் கேட்பேன். எட்டரைக்கு ஷிப்ட் ஆரம்பம், அதற்கு முன் போனை டிராயரில் போட்டுவிட்டு லைனில் ஒரு நடை. எந்த மெஷினில் ஆள் இல்லை, யார் முகம் சரியில்லை, எந்த டேபிளுக்கு அடியில் நேற்றைய பண்டல் இன்னும் கிடக்கிறது, இதெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டில் பதினொரு மணிக்குத்தான் தெரியும். கண்ணுக்கு எட்டே காலுக்கே தெரியும்.

அடுத்து வந்தது சிவப்புத் துணி. அதன் கதை கொஞ்சம் நீளம்.

டொயோட்டா கார் கம்பெனியில் வேலை செய்கிறவர் தலைக்கு மேல் ஒரு கயிறு போகும், தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம், இழுத்ததும் டீம் லீடர் ஓடி வருவார், குறிப்பிட்ட இடம் வருவதற்குள் சரி செய்ய முடியாவிட்டால் லைன் நிற்கும் என்று பல பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் தொழில்காரர்களுக்கு அதில் பெருமைப்பட ஒரு விஷயம் உண்டு. அந்த யோசனை பிறந்தது கார் பட்டறையில் அல்ல, தறியில். சகிச்சி டொயோடா என்பவர் தறி செய்கிறவர். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைப் பல வருஷம் பாடுபட்டுத் திருத்தித் திருத்தி, 1924-இல் முழுத் தானியங்கித் தறியாகக் கொண்டுவந்தார். கார் கம்பெனி 1937-இல் வந்தது, அவர் மகன் காலத்தில். நூல் அறுந்தும் ஓடுகிற தறி, ஓட ஓடக் குறைத் துணியைத்தான் நெய்துகொண்டிருக்கும், அதனால் ஒவ்வொரு தறியையும் ஒரு ஆள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தானாக நிற்கிற தறி என்றால் ஒரே ஆள் பல தறியைக் கவனிக்கலாம்.

இதை நான் வாசித்தது 2012 வாக்கில். உடனே ஒரு உற்சாகம். வேஸ்ட் சிவப்பு ரிப்பை முழ நீளத்துக்கு வெட்டி, ஒவ்வொரு டேபிளுக்கு மேலும் லைட் கம்பியில் சுருட்டிக் கட்டி வைத்தேன். தப்பு தெரிந்தால் இழுத்து விடுங்கள், துணி கீழே தொங்கும், நான் வந்துவிடுவேன் என்று எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்று மாதம் ஒரு துணிகூட இறங்கவில்லை. தூசி படிந்ததுதான் மிச்சம்.

பயமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு ஓவர்லாக் டெய்லர்தான் உண்மையைச் சொன்னார். “அண்ணா, நாங்க பீஸ் ரேட்டு. நான் துணிய இழுத்தா எனக்குப் பின்னாடி இருக்கற பதினஞ்சு பேருக்குக் கூலி போகும். சாயங்காலம் பஸ்ஸுல அவங்க மூஞ்சிய நாந்தான பாக்கோணும்?” பளிச்சென்று இருந்தது. சரிதானே? தைரியமாகப் பேசு என்று ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, பேசியதற்கான நஷ்டத்தை அவர்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்தால் யார் பேசுவார்கள்?

கணக்குப் போட்டேன். 25 பேர் லைன், ஒரு நிறுத்தத்துக்குப் பத்து நிமிஷம் என்றால் 250 நிமிஷம். நாலு மணி நேரம் பத்து நிமிஷம், அதாவது ஒரு ஆளின் அரை ஷிப்ட் கூலிக்குக் கொஞ்சம் மேலே. இதை ஒரு தாளிலும், அந்த ஆலிவ் பச்சைக்கு ஆன விமானச் செலவை இன்னொரு தாளிலும் எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். நின்ற நேரத்துக்கும் கூலி உண்டு என்று அவர் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அந்தச் சனிக்கிழமை சம்பளக் கவரில் ‘நின்ற நேரம்’ என்று தனியாக ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை முதல் துணி இறங்கியது. பிளாட்லாக் மெஷினில் ஊசி முனை மழுங்கி, துணியில் பொடிப் பொடியாக ஓட்டை. நஷ்டம் நாற்பது பீஸோடு போயிற்று.

தலைமைப் பண்பு பற்றி ஓட்டல் ஹாலில் நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு நானும் நாலைந்து தடவை போயிருக்கிறேன். மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். எல்லா வகுப்பிலும் தவறாமல் எஸ்.எல்.வி.-3 கதை வரும். 1979 ஆகஸ்ட் 10-இல் ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகைக்காரர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் போய் உட்கார்ந்து தோல்வியைத் தன் மேல் ஏற்றுக்கொண்டார், 1980 ஜூலை 18-இல் ஜெயித்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசச் சொல்லி முன்னால் அனுப்பினார். கலாமே பல மேடைகளில் சொன்னது. ஹாலே கைதட்டும், நானும் தட்டுவேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கத்தரிக்கோலோடு நிமிர்ந்து பார்த்த அந்த முகம்தான் ஞாபகம் வரும். தவன் செய்தது அளவில் பெரிது, நான் செய்யாமல் விட்டது சிறிது, வகை ஒன்றுதான். ‘யாரும் பாக்கலீங்க’ என்று சொல்லாமல் ‘செக்கிங் அக்கா பார்த்துச் சொன்னாங்க, நான்தான் கேக்கலை’ என்று சொல்லியிருக்க எனக்குப் பத்து விநாடி போதும்.

நோட்டுப் பழக்கம் சாதாரணமானது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பக்க நோட்டு, பாக்கெட்டில் நிற்கும் சைஸ். இடது பக்கம் யார் என்ன சொன்னார்கள், வலது பக்கம் நான் என்ன செய்தேன். பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்கள். மூன்றாவது ஃபேன் சுற்றவில்லை. தண்ணீர் டிரம் மாலை நாலு மணிக்கே காலி. சனிக்கிழமை சம்பளம் போடுவதற்கு முன் வலது பக்கம் காலியாக இருக்கிற வரிகளைப் பார்ப்பேன். முடியாததற்கு ‘முடியாது, இதனால்தான்’ என்று போய்ச் சொல்லிவிடுவேன். முடியாது என்பதைக் கேட்டு யாரும் என்னை வெறுத்ததில்லை. பதிலே வராததற்குத்தான் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஃபேனுக்குப் பதில் சொல்லாதவனிடம் ஷேடு மாறியதை யார் வந்து சொல்வார்கள்?

பாராட்டு விஷயத்தில் நான் ஊரோடு ஒத்துப் போவதில்லை. நாலு பேர் முன்னால் பாராட்டு, தனியாகத் திட்டு என்பார்கள். தனியாகத் திட்டுவது சரி. ஆனால் டெய்லருக்கு உதவியாக இருக்கும் ஒரு கைமடிப் பெண்ணை எல்லோர் முன்னாலும் புகழ்ந்துவிட்டு, அடுத்த ஒரு மாதம் ‘சூப்பர்வைசரம்மா வர்றாங்க’ என்ற கிண்டலில் அவள் வேலையை விட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். இப்போது பாராட்டையும் போகிற போக்கில், அவர்கள் காதில் மட்டும் விழுகிற மாதிரிச் சொல்கிறேன். முடிந்தால் கூலியில் சொல்கிறேன்.

நான் வளர்ந்ததைப் பற்றியும் மருமகன் கேட்டிருந்தான். நேர்மையாகச் சொன்னால், எனக்கு வளர்ச்சி என்பது எனக்குக் கீழே இருப்பவரிடம் மாணவனாக உட்கார்ந்த இடங்களில்தான் நடந்தது. முப்பத்து நாலு வயதில் ஓவர்லாக் தைக்கப் பழகினேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேஸ்ட் துணியில். இன்றைக்கும் நான் தைத்த கழுத்தை எந்தச் செக்கரும் பாஸ் பண்ண மாட்டார். ஆனால் ஒரு டெய்லர் ‘இந்தத் துணி இழுக்குதுங்க’ என்று சொன்னால் என்ன சொல்கிறார் என்று விரலுக்குத் தெரிகிறது. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது லைனுக்குத் துணி வரவில்லை. சும்மா இருந்த அந்த நாட்களில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங்கில் இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் காஸ்டிங் கற்றுக்கொண்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், ‘சார், இது மூணாவது தடவை சொல்றேன்’ என்பாள். ஒரு பீஸில் நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் எவ்வளவு என்று தெரிந்திருந்ததால்தான் பிற்பாடு அந்த இரண்டு தாளை எழுத முடிந்தது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் வர ஆரம்பித்த பிறகு இந்தி. இலக்கணம் எல்லாம் இல்லை, லைன் இந்தி. ‘கையைக் கடிக்குது’ என்பதை இந்தியில் எப்படிக் கேட்பது என்று ஒரு பையன் சொல்லிக் கொடுத்தான், அது சரிதானா என்று இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிக்கிறார்கள், ஆனால் பதில் சொல்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு நாலு நாள் போனை அணைத்துவிட்டுப் போவேன். பக்தி பாதி, பரீட்சை பாதி. முதல் தடவை திரும்பி வந்தபோது மூன்று விஷயம் நின்றுபோயிருந்தது. நூல் ரூம் சாவி என்னிடமே இருந்துவிட்டது. பேக்கிங் அட்டைக்கு என் கையெழுத்து இல்லாமல் லாரி கிளம்பவில்லை. இரண்டு டெய்லர்களுக்குள் சண்டை, நான் வரட்டும் என்று பஞ்சாயத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள். சாவியும் கையெழுத்தும் அன்றைக்கே கை மாறின. பஞ்சாயத்தை இன்னும் முழுதாகக் கைமாற்ற முடியவில்லை, எனக்கே அதில் கொஞ்சம் ஆசை இருக்கிறதோ என்னவோ.

போன வாரம் ஒரு சிவப்புத் துணி இறங்கியது. ஒடிசாப் பையன், சேர்ந்து இருபது நாள் ஆகியிருக்கும். துணியில் நீளவாக்கில் ஒரு கோடு, நிட்டிங் மெஷினில் ஊசி கெட்டால் விழுமே, அந்த நீடில் லைன் என்று நினைத்துவிட்டான். லைன் நின்றது. ஜன்னலுக்குக் கொண்டு போய் விரித்துப் பார்த்தோம், இழுத்துப் பார்த்தோம். ரோலில் மடிந்து கிடந்த தடம், அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிஷம் போயிற்று. பையன் முகம் வெளுத்துவிட்டது. லைன் சூப்பர்வைசர் புதுசு, இருபத்து நாலு வயதுப் பெண். அவள் பையனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று.

அயர்ன் டேபிளுக்கு அவனைக் கூட்டிப் போனேன். பீஸைக் கொடுத்து, நீயே தேய் என்றேன். ஆவி பட்டதும் கோடு போய்விட்டது. “இது மடிப்பு, போயிரும். ஊசிக் கோடுன்னா போகாது” என்று லைன் இந்தியில் சொன்னேன். பழைய ஆல்டர் கூடையிலிருந்து நிஜமான நீடில் லைன் பீஸ் ஒன்றைத் தேடி எடுத்து அதையும் தேய்க்கச் சொன்னேன். கோடு அப்படியே நின்றது. இரண்டையும் அவன் டேபிளில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நோட்டில் ‘மடிப்புத் தடம், 12 நிமிடம், நின்ற நேரக் கூலி உண்டு’ என்று எழுதினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

நேற்றுப் பதினொன்றரைக்கு அதே டேபிளில் துணி மறுபடியும் இறங்கியது. நான் அப்போது கட்டிங்கில் மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் பீஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டிருந்தாள். பையனும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தான்.